பேருந்துக்கும் ரயிலுக்கும் எந்தச் சட்டம், யார் பணம்: சிங்கப்பூரில் படிப்படியாகத் தேடிப் பார்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் கூடும் பெரியவர்கள், பலதுறை மருந்தகத்துக்கு நேராகப் போகும் பேருந்து ஒன்று வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். நல்ல கடிதம், நாற்பது கையெழுத்து. அதைப் பேருந்தை ஓட்டும் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். புதிய தடம் போடும் அதிகாரம் அந்த நிறுவனத்திடம் இல்லை. "அப்போ யாருக்குத்தான் எழுதுறது தம்பி?" என்று ஒரு தாத்தா கேட்டார். அவருக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இப்படி நீண்டுவிட்டது.

தடம், கட்டணம், ரயில் பழுது, கார் விலை எதுவானாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். இதற்கு அதிகாரம் தரும் சட்டம் எது? இதற்கான பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது? இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பதில் இருக்காது. நாம் கதவு மாறித் தட்டுவது அதனால்தான்.

முதல் படி: யார் கையில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் உறவினர் இருப்பவர்களுக்கு இரண்டடுக்கு அரசாங்கம் பழக்கம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தை மாநில அரசு தொடங்கிவிட்டது. 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. சிங்கப்பூரில் அந்த இழுபறி இல்லை. மாநில அரசு, மத்திய அரசு என்ற பிரிவு இங்கே கிடையாது. ஆனால் ஒரே அரசாங்கத்துக்குள் அதிகாரம் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

கொள்கை போக்குவரத்து அமைச்சிடம். திட்டமிடுவது, கட்டுவது, உரிமம் கொடுப்பது, தண்டிப்பது எல்லாம் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம். வாகனப் பதிவகம், பெருவிரைவு ரயில் கழகம், பொதுப்பணித் துறையின் சாலைப் பிரிவு என்று தனித்தனியாக இருந்தவற்றைச் சேர்த்து, ஒரு சட்டத்தின் மூலம் 1995 செப்டம்பரில் இந்த ஆணையம் பிறந்தது. கட்டணம் மட்டும் தனி. அது 1987-இல் அமைந்த பொதுப் போக்குவரத்து மன்றத்தின் கையில். பேருந்து நிறுவனங்களும் ரயில் நிறுவனங்களும் ஓட்டுபவர்கள் மட்டுமே.

ஆக, தடம் வேண்டுமா, ஆணையம். கட்டணம் பற்றியா, மன்றம். ஓட்டுநர் நடந்துகொண்ட விதமா, நிறுவனம். நிதி ஒதுக்கீடா, நாடாளுமன்றம். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: சட்டத்தையே திறந்து பாருங்கள்

பலர் இந்த இடத்தில் பயந்து நின்றுவிடுகிறார்கள். தேவையில்லை. சிங்கப்பூர்ச் சட்டங்கள் எல்லாம் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில்தான் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்துக்கு 2015-இன் பஸ் சர்வீசஸ் இண்டஸ்ட்ரி சட்டம். ரயிலுக்கு 1995-இன் ரேப்பிட் டிரான்சிட் சிஸ்டம்ஸ் சட்டம். கட்டணத்துக்கு 1987-இன் பப்ளிக் டிரான்ஸ்போர்ட் கவுன்சில் சட்டம். கார், சாலைக் கட்டணம், சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமைச் சான்றிதழ்) எல்லாவற்றுக்கும் 1961-இன் ரோட் டிராஃபிக் சட்டம். டாக்சிக்கும் தனியார் வாடகைக் காருக்கும் 2019-இல் தனிச்சட்டம் வந்தது. சைக்கிள், மின்ஸ்கூட்டர், நடைபாதை விதிகளுக்கு 2017-இன் ஆக்டிவ் மொபிலிட்டி சட்டம்.

முழுவதையும் படிக்க வேண்டாம். சொற்பொருள் விளக்கப் பகுதியைப் பாருங்கள். பிறகு, "அமைச்சர் உத்தரவின் மூலம் செய்யலாம்", "ஆணையம் விதி வகுக்கலாம்" என்று எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். அன்றாடம் நம்மைத் தொடும் மாற்றங்கள் பெரும்பாலும் அந்த வரிகள் வழியாகத்தான் வருகின்றன. ஆறாம் படியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

மூன்றாம் படி: பணத்தைத் தேடுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். "சிஓஇ-யிலும் சாலைக் கட்டணத்திலும் இவ்வளவு வசூலிக்கிறார்களே, அந்தப் பணம் பேருந்துக்குத்தானே போக வேண்டும்?" என்று டேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதுகூடக் கேட்டிருக்கிறேன். அப்படிப் போவதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பெட்ரோல் வரியைச் சாலைக்கே செலவிட வேண்டும் என்று சட்டமே கட்டிவைக்கிறது. இங்கே அந்த வருமானம் எல்லாம் அரசமைப்புச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு சொல்லும் ஒருங்கிணைந்த நிதியில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து நாடாளுமன்றம் அனுமதித்தால்தான் வெளியே வரும்.

எனக்கு இந்த முறைதான் சரியென்று படுகிறது. 1975-இல் நகர மையத்துக்குள் நுழைய நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று தொடங்கியது, 1990 மே மாதம் வந்த வாகன ஒதுக்கீட்டு முறை, 1998-இன் மின்னியல் சாலைக் கட்டணம் எல்லாமே நெரிசலைக் குறைக்க வந்தவை. 2018 பிப்ரவரியிலிருந்து கார், மோட்டார்சைக்கிள் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதமே பூஜ்யம். பேருந்தின் எரிபொருளுக்குக் கார்க்காரர்களின் பணம்தான் வழி என்று கட்டிவைத்தால், கார் குறையக் குறையப் பேருந்தும் வாடும். அப்புறம் காரைக் குறைக்க யாருக்கு மனம் வரும்?

சரி, செலவுக்கு வருவோம். போக்குவரத்துச் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கட்டுவது, ஓட்டுவது, பழசானதை மாற்றுவது.

கட்டும் செலவு அரசாங்கத்துடையது. 1982-இல் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) கட்டலாம் என்று முடிவானபோது செலவு 5 பில்லியன் வெள்ளி என்று மதிப்பிட்டார்கள். கட்டலாமா, பேருந்தே போதுமா என்று வருடக்கணக்கில் வாதாடிய பிறகுதான் அந்த முடிவு. 1987 நவம்பர் 7-ஆம் தேதி ஈயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் ரயில் ஓடியது. அதற்குப் பிறகு நீண்ட காலம், அந்தந்த ஆண்டு வருமானத்திலிருந்தே பாதைகளைக் கட்டினோம். பட்ஜெட்டில் மிச்சம் விழும்போது எடுத்தும் வைத்தோம்: 2017 நிதியாண்டின் உபரியிலிருந்து 5 பில்லியன் வெள்ளியை ரயில் உள்கட்டமைப்பு நிதிக்கு ஒதுக்குவதாக 2018 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் ஜூரோங் வட்டாரப் பாதை, தீவை ஊடறுத்துப் போகும் குறுக்குத் தீவுப் பாதை எல்லாம் ஒன்றாக வரிசைகட்டி நிற்கின்றன. ஆண்டு வருமானம் மட்டும் போதாது. அதற்காக 2021 மே மாதம் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டத்தை நிறைவேற்றியது. முக்கிய உள்கட்டமைப்புக்கு அரசாங்கம் கடன் வாங்குவதற்கான சட்டம் அது, சுருக்கமாக 'சிங்கா' என்பார்கள். அதன்படி அரசாங்கம் 90 பில்லியன் வெள்ளி வரை கடன் வாங்கலாம், ஆனால் நிபந்தனைகள் கடுமை. திட்டத்தின் மதிப்பு குறைந்தது 4 பில்லியன் வெள்ளி. அது குறைந்தது 50 ஆண்டு உழைக்க வேண்டும். வட்டி ஆண்டுக்கு 5 பில்லியன் வெள்ளி என்ற வரம்பைத் தாண்டக் கூடாது.

ஏன் தனிச் சட்டம்? அரசாங்கம் அதுவரை வெளியிட்டுவந்த வழக்கமான கடன் பத்திரங்களில் வரும் பணத்தைச் செலவழிக்கவே முடியாது. அது சந்தை வளர்ச்சிக்காக வாங்கி முதலீட்டில் போடப்படும் பணம். செலவழிக்கும் கடனுக்கு வேறு வாசல் வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் இந்தச் சட்டத்தின் கீழ் 50 ஆண்டுக்கான முதல் பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கான கடன் பத்திரம்), 2.4 பில்லியன் வெள்ளிக்கு, வெளிவந்தது. நம் பேரப்பிள்ளைகள் பயணம் செய்யப்போகும் சுரங்கத்தின் விலையில் ஒரு பங்கை அவர்கள் காலத்திலும் கட்டுவது நியாயம்தான் என்பது இதன் வாதம். அந்தச் சுரங்கம் உண்மையிலேயே 50 ஆண்டு நிற்க வேண்டும் என்பது இதில் அடங்கிய வாக்கு.

ஓட்டும் செலவில் ஒரு பகுதி நம் கட்டணத்திலிருந்து வருகிறது. மீதியை அரசாங்கம் போடுகிறது. பேருந்துக்கும் ரயிலுக்கும் சேர்த்து அந்த மானியம் ஆண்டுக்கு 2 பில்லியன் வெள்ளிக்கு மேல். கட்டண உயர்வைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். மன்றத்தின் சூத்திரம் விலைவாசி, சம்பளம், எரிசக்தி விலை, சேவை விரிவாக்கம் ஆகியவற்றைப் பார்த்து ஓர் உச்ச விகிதத்தைத் தரும். 2024 ஆய்வில் அந்த உச்சம் 18.9 விழுக்காடு. மன்றம் அனுமதித்தது 6. மீதி 12.9 விழுக்காடு மறைந்துவிடவில்லை, அடுத்த ஆய்வுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த இடைவெளிக்காக அரசாங்கம் மேலும் 250 மில்லியன் வெள்ளி கொடுத்தது. எனவே செய்தியில் "பத்துக் காசு உயர்வு" என்று படித்ததோடு நிற்காமல், எவ்வளவு தள்ளிவைத்தார்கள் என்ற வரியையும் தேடிப் படியுங்கள். அடுத்த ஆண்டின் கட்டணம் அந்த வரியில் இருக்கிறது.

மூன்றாவது, பழசை மாற்றும் செலவு. இது கண்ணில் படாது. ரயில் நின்றால்தான் தெரியும். நகர மன்றம் நம் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சிங்கிங் ஃபண்டில் போட்டு, மின்தூக்கியை மாற்றவும் புளோக்குக்குச் சாயம் பூசவும் சேர்த்து வைக்கிறதே, அதே ஏற்பாடு ரயிலுக்கும் உண்டு. முன்பு ரயில் பெட்டி, சமிக்ஞை எல்லாம் நிறுவனத்தின் சொத்து. 30 ஆண்டு உரிமம் வாங்கி, லாபமும் பார்த்து, பழசையும் அவர்களே மாற்ற வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனத்துக்கு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பொருளைப் பெரும்பணம் போட்டு மாற்றுவது எளிதான முடிவல்ல.

2010-இல் சட்டத்தைத் திருத்திப் புதிய நிதி முறைக்கு இடம் கொடுத்தார்கள். டௌன்டவுன் பாதை அந்த முறையில் தொடங்கிய முதல் பாதை. சொத்து ஆணையத்துடையது. நிறுவனம் உரிமக் கட்டணம் செலுத்தும். அந்தப் பணம் ரயிலுக்கான சிங்கிங் ஃபண்டில் சேர்ந்து புதுப்பிப்புக்குப் போகும். 2016 அக்டோபரில் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு, வட்டப் பாதைகளும் இதற்குள் வந்தன. அவற்றை ஓட்டும் எஸ்எம்ஆர்டி நிறுவனத்தின் சொத்துகளை அரசாங்கம் சுமார் ஒரு பில்லியன் வெள்ளிக்கு வாங்கிக்கொண்டது. உரிமக் காலமும் 15 ஆண்டாகக் குறைந்தது. இந்த முப்பது ஆண்டுச் சீர்திருத்தங்களில் எது முக்கியம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். புதிய பாதைகளின் திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும். தண்டவாளம் மாற்றுவதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

நான்காம் படி: மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று பின்தொடருங்கள்

உதாரணத்துக்குப் பேருந்துகளை எடுத்துக்கொள்வோம். முன்பு தடமும் வசூலும் நிறுவனத்துடையவை. கூட்டம் குறைந்த தடத்தில் அடிக்கடி வண்டி விட்டால் நிறுவனத்துக்கு நஷ்டம். நெரிசல் முற்றியபோது, 2012 பட்ஜெட்டில் 1.1 பில்லியன் வெள்ளி ஒதுக்கி, 800 பேருந்துகளைச் சேர்க்கும் திட்டம் வந்தது. அவற்றில் 550 அரசாங்கப் பணத்தில். தனியார் நிறுவனத்துக்குப் பொதுப்பணமா என்ற கேள்வி நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பலமாக எழுந்தது. 2014 மே மாதம், அமைப்பையே மாற்றுவதாக அறிவித்தார்கள். 2015-இல் சட்டம். 2016 செப்டம்பர் 1-இல் எல்லாப் பேருந்துகளும் ஒப்பந்த முறைக்கு மாறின. இப்போது கட்டணம் அரசாங்கத்துக்குப் போகிறது. நிறுவனம் சேவைக்கான தொகையைப் பெறுகிறது. முதலில் பணம், அடுத்து கேள்வி, அறிவிப்பு, சட்டம், அமலாக்கம். நான்கு ஆண்டு எடுத்தது.

நாடாளுமன்றத்துக்குள் மசோதாவின் பாதை இப்படிப் போகும். முதல் வாசிப்பில் பெயரை மட்டும் வாசித்து அறிமுகம் செய்வார்கள். அன்றே மசோதாவின் முழு வடிவமும் நாடாளுமன்ற இணையத்தளத்தில் வந்துவிடும். கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் விளக்கக் குறிப்பு இருக்கும், அதிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். இரண்டாம் வாசிப்புதான் உண்மையான விவாதம். பிறகு குழுநிலையில் பிரிவு பிரிவாகப் பார்ப்பார்கள். மூன்றாம் வாசிப்போடு மசோதா நிறைவேறும். அடுத்து அது சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்துக்குப் போகிறது. ஏதாவது ஓர் இனத்தையோ சமயத்தையோ பாதகமாக நடத்துகிறதா என்று 30 நாளுக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். பண மசோதாக்களுக்கு இந்தக் கட்டம் இல்லை. அதிபர் ஒப்புதல், அரசிதழில் வெளியீடு, கடைசியாக நடப்புக்கு வரும் தேதி. நிறைவேறிய நாளும் நடப்புக்கு வரும் நாளும் வேறு வேறு. 2019 ஆகஸ்டில் நிறைவேறிய டாக்சி, வாடகைக் கார் சட்டம் 2020 அக்டோபர் கடைசியில்தான் நடப்புக்கு வந்தது.

நீங்கள் நுழைய வேண்டிய இடம் முதல், இரண்டாம் வாசிப்புகளுக்கு நடுவே உள்ள நாட்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் பேச்சைத் தயாரிக்கும் நேரம் அது. இன்னொன்று: நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், அது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை. உரைபெயர்ப்பு வசதியும் உண்டு. நம் வயதானவர்களின் சிரமத்தைத் தமிழிலேயே எடுத்துச் சொல்லுங்கள் என்று உறுப்பினரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சட்டம் காகிதத்தில் மட்டும் நிற்கிறதா என்றும் பார்க்கலாம். 2011 டிசம்பரில் ரயில்கள் பெரிய அளவில் நின்றபோது, ஒரு சம்பவத்துக்கு அபராத உச்சம் ஒரு மில்லியன் வெள்ளிதான். 2014 திருத்தம் அதை அந்தப் பாதையின் ஆண்டுக் கட்டண வருமானத்தில் 10 விழுக்காடு வரை உயர்த்தியது. 2015 ஜூலை 7-இல் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்ற இரண்டு பாதைகளும் ஒரே மாலையில் நின்றபோது 5.4 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பழைய சட்டத்தில் அது முடிந்திருக்காது.

ஐந்தாம் படி: பிப்ரவரி, மார்ச் மாதங்களைக் குறித்து வையுங்கள்

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. பட்ஜெட் உரை பிப்ரவரியில் வரும். உரையை எல்லாரும் பார்க்கிறார்கள். அதற்குப் பின் நடக்கும் நிதி ஒதுக்கீட்டுக் குழு விவாதத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அமைச்சு அமைச்சாகக் கேள்வி கேட்பது அங்கேதான். பட்ஜெட்டில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு, போக்குவரத்து அமைச்சுக்கு 'டபிள்யூ'. உறுப்பினர்கள் அந்த அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுப்பார்கள். பணத்தைக் குறைப்பது நோக்கமல்ல, பேசும் உரிமை பெறும் வழி அது. அமைச்சர் பதில் சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்.

இந்தத் தீர்மானங்களை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். எனவே உங்கள் கோரிக்கை ஜனவரிக்குள் உறுப்பினரிடம் போயிருக்க வேண்டும். மார்ச்சில் போய்ச் சொன்னால் அடுத்த ஆண்டுதான். உறுப்பினரை நேரில் பார்க்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு நாம் கோபம் வந்த அன்று போகிறோம். பட்ஜெட் நாட்காட்டியைப் பார்த்துப் போவது நல்லது.

ஆறாம் படி: மசோதா வராமலே மாறுபவற்றைக் கவனியுங்கள்

2019 நவம்பர் 4-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அறிவித்து, மறுநாளே நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தது. புதிய மசோதா எதுவும் இல்லை. ஏற்கெனவே இருந்த சட்டம் கொடுத்த அதிகாரமே போதுமானதாக இருந்தது. உணவு விநியோகம் செய்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிகளுக்குப் போனார்கள். சில நாட்களில் 7 மில்லியன் வெள்ளி உதவித் திட்டம் வந்தது. நடைபாதையில் முதியவர்கள் அடிபட்டதையும் பார்த்தோம், பிழைப்பு போனவர்களையும் பார்த்தோம். தடையில் நியாயம் இருந்தது, ஆனால் ஒரு நாள் அவகாசம் போதவே போதாது என்பது இன்றும் என் எண்ணம்.

இன்னொன்று 2024 ஜனவரியில் நடந்தது. சலுகை இல்லாத முழுக்கட்டணப் பயணிகளின் பழைய பயண அட்டைகளை ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டு, அவர்கள் எல்லாரும் சிம்பிளிகோ முறைக்கு (மீதித்தொகைக் கணக்கு அட்டையில் அல்லாமல் மையக் கணினியில் இருக்கும் முறை) மாற வேண்டும் என்று 9-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. தட்டும்போது மீதித்தொகை தெரியாது என்று மக்கள் எதிர்த்தார்கள். 22-ஆம் தேதியே முடிவு மாறியது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். இதற்கும் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. நிர்வாக முடிவை மக்கள் குரல் இரண்டு வாரத்தில் திருப்பலாம். சட்டமாகிவிட்டதைத் திருப்ப இன்னொரு மசோதா வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, இரண்டாம் படியில் சொன்ன "உத்தரவின் மூலம்" வரிகள் உதவும்.

ஏழாம் படி: எழுதுங்கள்

பொதுக் கருத்துக் கேட்பு நடக்கிறதா என்று ரீச் என்ற அரசாங்கக் கருத்தறியும் தளத்திலும் அமைச்சின் தளத்திலும் பாருங்கள். இல்லையென்றால் நேராக ஆணையத்துக்கு எழுதி, நகலை உறுப்பினருக்குக் கொடுங்கள். இது குறித்து முன்பே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று நாடாளுமன்ற அறிக்கையில் தேடுங்கள், தடத்தின் எண்ணைப் போட்டாலே போதும். முன்பு அமைச்சர் சொன்ன பதிலை மேற்கோள் காட்டி, "அதற்குப் பிறகு எங்கள் பேட்டையில் இவ்வளவு மாறியிருக்கிறது" என்று எழுதும் கடிதத்தை ஒதுக்கிவைப்பது கடினம்.

அதோடு, கேட்கும் விஷயத்துக்குப் பணப்பை எது என்றும் சொல்லுங்கள். 2024-இல் அரசாங்கம் 8 ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை செலவிடும் பேருந்து இணைப்பு மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. புதிய தடம் கேட்பவர்கள் அதன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அது ஏற்கெனவே ஒதுக்கிய பணம்.

எங்கள் பெரியவர்களின் கடிதத்தைத் திருப்பி எழுதினோம். நாற்பது கையெழுத்து அப்படியே இருக்கிறது. கூடவே இப்போது மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன: ஒரு வாரம் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நிறுத்தத்தில் நின்று எண்ணிய ஆட்கள், மருந்தகத்துக்கு எத்தனை பேருந்து மாற வேண்டியிருக்கிறது, கைத்தடியோடு அந்த மேம்பாலம் ஏற எத்தனை நிமிடம் ஆகிறது. மேம்பாலத்துக்கு மட்டும் தாத்தாவே கையில் கடிகாரத்தோடு ஏறி இறங்கினார். ஏற நான்கு நிமிடம், இறங்க ஐந்து. உறையில் ஆணையத்தின் முகவரியை எழுதி, டிசம்பர் கடைசியில் அனுப்பினோம்.